காம்பில் கத்தி வைக்கும் நாள்

சித்திரை பிறந்துவிட்டால் பண்பொழியில் வீட்டுக்கு ஓர் அறையாவது மாம்பழ வாசனை அடிக்கும். மலையடிவாரத் தோப்பிலிருந்து விளைந்த காயாக இறங்கிய மாங்காயை வைக்கோலில் பரப்பி, மேலே சாக்கைப் போட்டு மூடி வைத்திருப்பார்கள். நாலைந்து நாளில் காய் பழமாகிவிடும். இந்தப் பழக்கத்திலேயே, கொல்லையில் கொடி போட்டவர்கள் தர்பூசணியையும் அறுத்துக் கொண்டுவந்து அதே அறையில் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் முந்தி அறுத்துவிட்டோமோ என்ற சந்தேகம் இருந்தாலும், கிடந்தால் பழுத்துவிடும் என்ற நம்பிக்கை.

அது பழுக்காது. அதோடு, மாங்காய்க்குப் பக்கத்தில் கிடந்தால் இருக்கிற தரமும் போய்விடும். இரண்டுக்கும் காரணம் தெரிந்துவிட்டால் தர்பூசணியை எப்போது அறுப்பது, எங்கே வைப்பது என்ற கேள்விகளில் முக்கால்வாசிக்கு விடை கிடைத்துவிடும்.

மாங்காய் மரத்திலிருந்து இறங்கும்போது அதன் சதையில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. இறக்கிய பிறகு எத்திலீன் என்ற வாயுவைக் காய் தானே உண்டாக்குகிறது. அந்த வாயு தூண்ட, நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன; மூச்சு வேகம் கூடுகிறது, புளிப்பு குறைகிறது, தோல் மஞ்சளாகிறது. இனிப்புக்கு வேண்டிய சரக்கு முழுவதும் உள்ளேயே இருப்பதால் மரத்தின் துணை இனித் தேவையில்லை. வாழையும் அப்படித்தான். பத்தாயத்துக்குள் வாழைத்தாரை வைத்து மூடுவதும் இந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் வேலைதான். எத்திலீன் என்ற பெயர் வருவதற்கு எவ்வளவோ முன்பே அதை வேலை வாங்கக் கற்றுக்கொண்டவர்கள் நம் ஆட்கள்.

தர்பூசணியிடம் அப்படிச் சேமித்த மாவுச்சத்து கிடையாது. அதன் இனிப்பு அன்றன்றைக்கு இலையிலிருந்து வந்து சேர்வது. பகலெல்லாம் வெயிலில் இலை தயாரிக்கும் சர்க்கரை, ஸ்டாக்கியோஸ், ராஃபினோஸ் என்ற வடிவங்களில் கொடி வழியாக ஓடி, காம்பைக் கடந்து பழத்துக்குள் வந்ததும் சிறு சர்க்கரைகளாகப் பிரிகிறது. பழம் முற்றும் கடைசிக் காலத்தில்தான் சுக்ரோஸ், அதாவது நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரை, மளமளவென்று ஏறுகிறது. ஒரு வாரம் முந்தி அறுத்தால் இந்தக் கடைசி வரவு முழுவதும் போயிற்று. காம்பு அறுந்த நிமிடத்தில் வரவு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு கட்டிலுக்கு அடியில் எத்தனை நாள் கிடந்தாலும் ஒரு துளி இனிப்பும் கூடாது.

இனிப்பு கூடாது, சரி. நிறம்? அங்கேதான் ஒரு வேடிக்கை. அமெரிக்க வேளாண் துறையின் ஒக்லஹோமா ஆய்வகம் ஒன்றைச் சேர்ந்த பெர்க்கின்ஸ்-வீசியும் காலின்ஸும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முழுப் பழங்களை 21 டிகிரி செல்சியஸில் 14 நாள் வைத்திருந்து வெட்டிப் பார்த்ததில், சிவப்பு நிறம் தரும் லைகோபீன் 11 முதல் 40 சதவீதம் வரை கூடியிருந்தது. 5 டிகிரியிலும் 13 டிகிரியிலும் வைத்தவற்றில் அப்படி ஏற்றம் இல்லை. செடியை விட்டு வந்த பிறகும் பழம் உயிரோடுதான் இருக்கிறது, சாயத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. பத்து நாள் வைத்திருந்த பழம் 'நல்லாப் பழுத்துட்டு' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நாக்குதான் கண்ணை நம்பி ஏமாந்திருக்கிறது.

ஆக, எல்லாம் காம்பில் கத்தி வைக்கும் நாளில் இருக்கிறது. அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊரில் இதற்கு முதலில் நீளும் கை, தட்டிப் பார்க்கும் கை.

"ஆச்சி, தட்டிப் பாத்துட்டேன். அறுத்துரட்டுமா?"

"தட்டுறதுக்கு அது என்ன தவிலால? மொதல்ல காம்புகிட்ட இருக்க சுருளப் பாரு."

நான் ஆச்சி கட்சி. தட்டுவதில் அறிவியல் இல்லாமல் இல்லை. காய் கடினமாக இருக்கும்போது 'டங்' என்று உயர்ந்த சுருதியில் பேசும். முற்ற முற்றச் சதையின் செல் சுவர்கள் தளர்வதால் சுருதி இறங்கி 'தொப்' என்று கேட்கும். ஜப்பானில் 1980 வாக்கிலேயே ஆப்பிளையும் தர்பூசணியையும் மெல்லத் தட்டி, அதிர்வெண்ணை அளந்து, சதையின் கடினத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சிக்கல் எங்கே என்றால், சுருதி முதிர்ச்சியால் மட்டும் இறங்குவதில்லை, பழம் பெரிதாக இருந்தாலும் இறங்கும். அதனால் ஆய்வகத்தில் பழத்தின் எடையையும் கணக்கில் சேர்க்கிறார்கள். மூன்று கிலோ பழத்தையும் எட்டுக் கிலோ பழத்தையும் அடுத்தடுத்துத் தட்டி, நம் காது இரண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது கஷ்டம். உள்ளே குழி விழுந்த பழமும், முற்றிப்போய் மாவாகிவிட்ட பழமும்கூட நல்ல பழத்தைப் போலவே 'தொப்' என்று பேசி ஏமாற்றும். ஒரே ரகத்தை ஆண்டுக்கணக்கில் தட்டிப் பழகிய வியாபாரிக்கு அது ஒத்துவரலாம். கொல்லையில் நாலு கொடி போட்டவருக்கு ஒத்துவராது.

சுருளைப் பார்க்கலாம். பழத்தின் காம்பு கொடியில் சேரும் கணுவிலேயே ஓர் இலையும், கம்பிபோல் சுருண்ட ஒரு பற்றுக்கம்பியும் இருக்கும். பக்கத்துக் கணுவில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் குழம்பக் கூடாது; அந்தப் பழத்துக்குரிய கணுதான் கணக்கு. பழம் வளரும் வரை அந்தச் சுருள் பச்சையாக, தொட்டால் வளைந்து கொடுக்கும். முதிர்ச்சி நெருங்கும்போது நுனியிலிருந்து பழுப்பேறும். அடி வரைக்கும் காய்ந்து, விரலால் நெருடினால் ஒடிகிற நிலை வந்தால் பழம் தயார், அல்லது தயாராகும் தறுவாயில் இருக்கிறது. 'அல்லது' போட வேண்டியிருப்பதற்குக் காரணம், சில ரகங்களில் சுருள் ஒரு வாரம் முந்தியே காய்ந்துவிடும். அதனால்தான் இரண்டாவது சாட்சி தேவைப்படுகிறது.

இரண்டாவது சாட்சி பழத்தின் அடிவயிறு. தரையில் படிந்திருக்கும் இடத்தில் வெயில் படாததால் பச்சையம் ஏறுவதில்லை. பிஞ்சில் அந்த இடம் வெளிறிய வெள்ளையாக இருக்கும். முற்றும்போது மெல்ல வெண்ணெய் நிறத்துக்கு வந்து, பிறகு நல்ல மஞ்சளாகும். சுகர் பேபி போன்ற கரும்பச்சை ரகத்தில் இது பளிச்சென்று தெரியும். பழத்தைக் கொடியோடு முறுக்கிப் புரட்டாமல், ஒரு பக்கமாக லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்தால் போதும். கூடவே மேல்தோலையும் கவனிக்கலாம்: பிஞ்சின் மினுமினுப்பு போய், மெழுகு படிந்து மங்கலாகியிருக்கும்.

மூன்றாவது சாட்சியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது நாட்காட்டி. தர்பூசணிக் கொடியில் ஆண்பூ முதலில் வரும், பெண்பூ சில நாள் கழித்து வரும். பெண்பூவுக்கு அடியில் ரோமம் மூடிய சின்னக் குண்டு ஒன்று இருக்கும். அந்தப் பூ காலையில் மலர்ந்து அன்றைக்கே மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்தாக வேண்டும். ஒரு தடவை வந்தால் மட்டும் போதாது. சூலகமுடியின் மூன்று மடல்களிலும் மகரந்தம் தாராளமாகப் பட்டால்தான் காய் சீராக உருளும், குறைந்தால் ஒரு பக்கம் சூம்பிப்போகும். தேனீ குறைந்த இடத்தில் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண்பூவில் நாமே தொட்டுவைக்கலாம். அப்படித் தொட்ட கையோடு காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டி, தேதியைக் குறித்து வைப்பது நல்லது. சிறு ரகங்கள் அந்த நாளிலிருந்து 30 முதல் 35 நாளிலும், பெரிய ரகங்கள் 40 நாள் வாக்கிலும் முதிரும். நூல் சொல்லும் நாளும், காய்ந்த சுருளும், மஞ்சள் வயிறும் ஒன்றாகச் சேர்ந்தால் தட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு தண்ணீரைக் குறைக்க வேண்டும். பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். கடைசி நேரத்தில் வாய்க்காலைத் திறந்துவிட்டால் எடை கூடும், இனிப்பு நீர்த்துப்போகும். காய்ந்து கிடந்த கொடிக்குத் திடீரென்று தண்ணீர் கிடைத்தால் பழம் வெடிக்கவும் செய்யும். 2011-இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் தர்பூசணிகள் வயலிலேயே வரிசையாக வெடித்த செய்தி உலகமெல்லாம் பரவியது. வளர்ச்சி ஊக்கி மருந்தின் மேல் பழி விழுந்தாலும், வறட்சிக்குப் பிறகு பெய்த மழையும் மெல்லிய தோல் ரகமும் கூட்டுச் சேர்ந்ததாக அங்குள்ள நிபுணர்கள் சொன்னார்கள். கோடை மழை இறங்கிய மறுநாள் காலையில் நம் கொல்லைக் கொடியிலும் இதைப் பார்க்கலாம்.

விடியற்காலையில் பழம் தண்ணீரால் விம்மி நிற்கும். அந்த நேரத்தில் கை தவறினாலும், கத்தி நுனி பட்டாலும் படீரென்று பிளக்கும். பனி காய்ந்த பிறகு, வெயில் உறைக்கும் முன் அறுப்பதே நல்லது. பழத்தைப் பிடித்து இழுக்கவோ முறுக்கவோ கூடாது. பிய்ந்த காம்பு திறந்த புண், பூசணம் அதன் வழியாகத்தான் நுழைகிறது. கூர்மையான கத்தியால் இரண்டு விரற்கடை காம்பு விட்டு அறுக்க வேண்டும். எடுத்துப் போகும்போது கீழே போடாமல் இருப்பதும் முக்கியம்: தோலில் கீறல்கூட இல்லாமல் உள்சதை மட்டும் கன்றிப்போவது தர்பூசணியின் குணம். இரண்டு நாள் கழித்து வெட்டும்போதுதான் அந்தக் கூழ் தெரியும்.

இவ்வளவு பெரிய, இவ்வளவு நீர் நிறைந்த பழம் எப்படிச் சில வாரம் தாங்குகிறது என்று யோசித்தால் அதன் பூர்விகத்துக்குப் போக வேண்டும். சூசன் ரென்னரும் அவருடைய குழுவினரும் 2021-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, நம் தர்பூசணிக்கு மிக நெருங்கிய உறவாக சூடானின் கொர்டோஃபான் பகுதியில் விளையும் ஒரு பழத்தைக் காட்டியது. அது வெள்ளைச் சதை, கசப்பில்லாதது. வறண்ட நிலத்துப் பழம்; மழை நின்ற பிறகும் தண்ணீரைத் தோலுக்குள் பூட்டி வைத்திருக்கும். பண்டைய எகிப்தியர் துட்டன்காமன் கல்லறையில் தர்பூசணி விதைகளை வைத்தார்கள். சிவப்பும் சர்க்கரையும் மனிதன் தேர்ந்தெடுத்துச் சேர்த்தவை. மெழுகு பூசிய தடித்த தோல் பாலைவனம் கொடுத்தது. நாம் வீட்டில் பழத்தை வைத்திருப்பது என்பது அந்தத் தோல் தன் வேலையைச் செய்ய இடையூறு செய்யாமல் இருப்பதுதான்.

அதனால்தான் வைக்கும் முன் கழுவக் கூடாது. ஈரம் பூசணத்துக்கு விருந்து. உலர்ந்த துணியால் மண்ணைத் துடைத்துவிட்டு, தரையில் வைக்கோலைப் போட்டு, பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது நல்லதல்ல. வெயில் காயாத வடக்குப் பக்க அறை உத்தமம். ஓட்டுக்குக் கீழே இருக்கும் பரண் வேண்டாம், மே மாதத்தில் வீட்டிலேயே சூடான இடம் அதுதான். 10 முதல் 15 டிகிரி வரை குளிர்ச்சி இருந்தால் பழம் இரண்டு மூன்று வாரம் தாங்கும் என்பது ஏற்றுமதிக்காரர்கள் கணக்கு. நம் ஊர் மே மாதத்தில் 30 டிகிரிக்குக் குறையாத அறையில் ஒரு வாரம், நல்ல பழமானால் பத்து நாள் எதிர்பார்க்கலாம். முழுப் பழத்தைக் குளிர்ப்பெட்டியில் நாள்கணக்கில் வைப்பதும் சரியல்ல. 7 டிகிரிக்குக் கீழே போனால் இந்த வெப்பநிலத்துப் பழத்துக்குக் குளிர்க்காயம் வரும்: தோலில் சின்னச் சின்னக் குழி விழும், சதையின் நிறமும் சுவையும் மங்கும். சாப்பிடுகிற அன்று காலையில் உள்ளே வைத்தால் போதும்.

இப்போது அந்த மாம்பழ அறைக்கு வருவோம். தர்பூசணி தானாக எத்திலீனை அதிகம் உண்டாக்குவதில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் எத்திலீனுக்கு மோசமாக மசியும். காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு எத்திலீன் இருந்தாலே, 18 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் சதை தளர்ந்து, சாப்பிட லாயக்கற்றதாகிவிடுகிறது. தோலுக்கு அடியில் நீர்கோத்தாற்போல் ஆகும். விதையைச் சுற்றிய சதை விலகி நிற்கும். வாயில் போட்டால் மொறுமொறுப்பு இருக்காது. மாம்பழத்தை அரசனாக்கும் வாயு தர்பூசணியைக் கொல்கிறது. பழுக்கப் போட்ட மாங்காய், தார் வாழை, முலாம்பழம் எதுவும் தர்பூசணியோடு ஓர் அறையில் இருக்கக் கூடாது. ஒரே வீட்டில் எதிரெதிர் அறைகள் போதும்.

வீட்டுப் பழத்துக்கு ஒரு கூடுதல் நிம்மதி உண்டு. 2025 கோடைத் தொடக்கத்தில், தர்பூசணியில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பீதி சென்னையிலிருந்து தமிழ்நாடு முழுவதும் பரவியது. பழத்தைப் பஞ்சால் அல்லது மெல்லிய தாளால் ஒற்றிப் பார்க்கச் சொல்லும் காட்சி கைப்பேசிகளில் சுற்றியது. விற்பனை படுத்து, விலை சரிந்து, விழுப்புரம், செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். பிறகு தர்பூசணியைத் தயங்காமல் சாப்பிடலாம் என்று அதிகாரிகளே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. கொஞ்சம் தாவரவியல் தெரிந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது. நெருக்கமாக அடுக்கப்பட்ட செல்களுக்கு நடுவே ஊசியால் விட்ட சாயம் பழமெங்கும் சீராகப் பரவ வழியில்லை. ஊசி போன தடத்தில்தான் தேங்கும். துளை விழுந்த பழம் வெயிலில் சீக்கிரமே புளித்து ஒழுகத் தொடங்கும், கடையில் அடுக்கி வைக்க முடியாது. லைகோபீன் தண்ணீரில் கரையாது என்பது உண்மை. ஆனால் வெட்டும்போது உடைந்த செல்களிலிருந்து அதன் நுண்துகள்கள் சாறோடு வெளியே வரும். நல்ல பழத்தை ஒற்றினாலும் தாளில் இளஞ்சிவப்பு ஒட்டத்தான் செய்யும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. மாங்காய், எலுமிச்சைபோல் தர்பூசணியில் புளிப்பு கிடையாது. அதன் pH அளவு 5-க்கு மேல் இருப்பதால், நோய்க்கிருமிகள் வளர அருமையான இடம். தோல் மூடியிருக்கும் வரை கவலை இல்லை. வெட்டும் கத்தி தோலில் இருக்கும் மண்ணையும் கிருமியையும் சதைக்குள் கொண்டுபோகிறது. 2011-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரே பண்ணையின் முலாம்பழத்திலிருந்து பரவிய லிஸ்டீரியா கிருமி 33 பேரைப் பலிகொண்டது. அது சொரசொரத் தோல் பழம், தர்பூசணியின் தோல் வழவழப்பு. ஆபத்தின் அளவு வேறு, வழி ஒன்றுதான். ஆகவே வைக்கும் முன் கழுவக் கூடாத பழத்தை, வெட்டும் முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவியாக வேண்டும். வெட்டிய பிறகு மீந்ததை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திறந்து கிடந்த துண்டை மாட்டுக்குப் போடலாம். கடையில் சிவப்பைக் காட்டுவதற்காக முக்கோணமாகச் செதுக்கிக் காட்டிய பழத்தை வாங்கினால், அதை அன்றைக்கே சாப்பிட வேண்டும். அது இனி வைத்திருக்கும் பழம் இல்லை.

பண்பொழியில் நாட்காட்டிக்கு மேல் ஒரு நாட்காட்டி இருக்கிறது, அது மேற்கு மலை. தையில் விதை போட்டவர்களுக்குச் சித்திரைக்குள் அறுப்பு முடிந்துவிடும். பிசான நெல் அறுத்த வயல் காலியாகட்டும் என்று காத்திருந்து பங்குனியில் போட்டவர்கள்தான் வைகாசிக் கடைசியில் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அச்சன்கோவில் பக்கமிருந்து காற்று திரும்பி, மேக்கரைக்கு மேலே மேகம் இறங்கி, சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்குக் கொண்டாட்டம், கொடிக்குத் திண்டாட்டம். வெயில் இல்லாமல் இலை சர்க்கரை தயாரிப்பது குறைகிறது, வேர் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது, ஈர மண்ணில் அடிவயிறு அழுகத் தொடங்குகிறது. அதற்கு முன்பே காட்டுப்பன்றி வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டும் போயிருக்கலாம். பழுத்ததை அது சுருள் பார்க்காமலே கண்டுபிடித்துவிடும்.

அந்த நிலையில் முற்றாத காய்களைக் கொடியில் விட்டு வைப்பதில் பயனில்லை. பழுக்கும் என்று கட்டிலுக்கு அடியில் போடுவதிலும் பயனில்லை. அவற்றைக் காயாகவே சமைத்துவிடலாம். வெள்ளரி, சுரை, பூசணி எல்லாம் ஒரே குடும்பம். இதுவும் பாசிப்பருப்போடு சேர்ந்து வெந்து கூட்டாகும், தேங்காய் அரைத்துவிட்டால் மோர்க்குழம்புக்கும் இசையும். பழுத்த பழத்தின் வெள்ளைத் தோல்பகுதியையும் இதே போலச் சமைக்கலாம். பச்சை மேல்தோலை மட்டும் சீவிவிட வேண்டும். 1914-இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் தர்பூசணிச் சாற்றிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். தர்பூசணிக்கான லத்தீன் பெயரை ஒட்டி, 1930-இல் அதற்கு சிட்ருலின் என்று பெயர் வந்தது. நம் உடலில் யூரியா உண்டாகும் சுழற்சியிலும் அது ஒரு கண்ணி. நாம் எறிந்துவிடும் அந்த வெள்ளைப் பகுதியிலும் அது கணிசமாக இருக்கிறது.